நான்கு வாக்குச்சாவடிகளின் கணக்கு: எண்ணூர் தன் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் விதம்

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் அலுவலக அறையில் கூட்டம். நிக்காஹ் பதிவுக்கோ, ஜமாஅத் கடிதத்துக்கோ வந்தவர்கள் அல்ல. டிசம்பர் 19ஆம் தேதி வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். இரண்டு கல்லூரி மாணவர்கள் செல்போனில் ஒவ்வொருவருடைய அடையாள அட்டை எண்ணையும் அடித்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வாசலில் நின்றபடியே கேட்டார். "ஹஜ்ரத், அவரு பேரு இருக்கு. பசங்க ரெண்டு பேரு பேரும் இருக்கு. என் பேரு மட்டும் இல்லையாம். நான் உசுரோட தானே நிக்கிறேன்?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. விசாரித்தபோது விஷயம் புரிந்தது. கணக்கெடுப்புப் படிவம் வந்த நேரத்தில் அவர் மகளின் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்திருக்கிறார். வீட்டில் உள்ளவர்கள் தங்கள் படிவங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். அம்மாவுடையதை "அவங்க வந்ததும் கொடுத்துக்கலாம்" என்று அலமாரியில் வைத்துவிட்டார்கள். அது அங்கேயே இருந்துவிட்டது.

பெயர் தேடிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவர் அப்போது கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இவ்வளவு பாடுபட்டுப் பேரைச் சேத்து என்ன ஹஜ்ரத் ஆகப்போவுது? நம்ம ஆளா ஜெயிக்கப்போறாரு?"

அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. நம் தொகுதியில் பிரதிநிதி எப்படித் தேர்வாகிறார், அதில் நம்மைப் போன்ற சிறு எண்ணிக்கையினரின் இடம் என்ன என்பதைக் கணக்கோடு பார்த்தால்தான் அவருக்குப் பதில் சொல்ல முடியும்.

ஓர் ஊர், இரண்டு தொகுதிகள்

எண்ணூர்க்காரர்களிடம் "நீங்கள் எந்த மாவட்டம்?" என்று கேட்டால் ஒரே பதில் வராது. பழைய கத்திவாக்கம் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால் குப்பைக்கும் தண்ணீருக்கும் நாம் மாநகராட்சியின் முதல் மண்டலம். 2018இல் திருவொற்றியூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. அதனால் வருவாய்த்துறைச் சான்றிதழ்களில் நாம் சென்னை. ஆனால் தேர்தல் கணக்கில் நம்முடைய திருவொற்றியூர் சட்டமன்றத் தொகுதி, எண் 10, இன்றும் திருவள்ளூர் மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் ஒன்று. நாடாளுமன்றம் என்று வந்தால் ஆர்.கே.நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க.நகர், ராயபுரம் ஆகியவற்றோடு சேர்ந்து நாம் வட சென்னை.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தொலைக்காட்சியில் "சென்னையின் 16 தொகுதிகள்" என்று விவரம் சொல்லும்போது அதில் எண்ணூர் இல்லை. பட்டியல் குறித்த மாவட்ட அளவிலான முறையீட்டைச் சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், "இது திருவள்ளூர்" என்று திருப்பி அனுப்பப்படுவோம். எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமலேயே பாதிப்பேர் கேட்பதை விட்டுவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய பிரிவு ஒன்று உண்டு. அது முகத்துவாரம். இக்கரையில் காட்டுக்குப்பமும் முகத்துவாரக்குப்பமும் பெரியகுப்பமும் சின்னக்குப்பமும் திருவொற்றியூர் தொகுதி. அக்கரையில் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, காமராஜர் துறைமுகம், வட சென்னை அனல்மின் நிலையம், செப்பாக்கம் சாம்பல் குளம் எல்லாம் பொன்னேரி தனித்தொகுதி. சாம்பல் கலந்த நீர் ஆற்றில் இறங்கினால் அது தொகுதி எல்லை பார்த்து நிற்பதில்லை. இறால் பிடிக்கும் கை இரண்டு கரையிலும் ஒன்றுதான். ஆனால் சாம்பல் புறப்படும் இடத்தின் எம்.எல்.ஏ.வை எண்ணூர் வாக்காளர் தேர்ந்தெடுக்கவும் முடியாது, தோற்கடிக்கவும் முடியாது. ஒரே ஆற்றுக்கு இரண்டு பிரதிநிதிகள் இருக்கிறார்கள் என்று மகிழலாம். நடைமுறையில், "அது அவர் தொகுதி" என்று ஒருவரை ஒருவர் காட்டிக்கொள்ள வசதியாகவும் அது ஆகிவிடுகிறது.

இந்த எல்லைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் 2008இல் வரையப்பட்டவை. அடுத்த மறுவரையறை வரும்போது வரைவு வெளியிடப்பட்டு மக்களிடம் ஆட்சேபணைகள் கேட்கப்படும்; ஆணையம் நேரில் அமர்ந்தும் கேட்கும். மறுவரையறையால் தமிழ்நாட்டுக்கு எம்.பி.க்கள் குறைவார்களா என்பது பற்றி நாடே பேசுகிறது. அது பேச வேண்டிய விஷயம்தான். அதோடு, முகத்துவாரத்தின் இரு கரைகளும் ஒரே தொகுதியில் இருக்க வேண்டாமா என்ற கேள்வியை எண்ணூர் மக்கள் இப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முந்தி வருபவர் வெல்லும் முறை

நம் தேர்தல் முறையின் விதி எளிது. ஒரு தொகுதி, ஒரு உறுப்பினர், ஒருவருக்கு ஒரு வாக்கு. மற்ற எவரையும்விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றால் போதும். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

திருவொற்றியூரின் 2011, 2016, 2021 பொதுத்தேர்தல்களைப் பாருங்கள். 2011இல் அ.தி.மு.க.வின் கே.குப்பன், அப்போது மீன்வளத்துறை அமைச்சராக இருந்த தி.மு.க.வின் கே.பி.பி.சாமியை 27,291 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2016இல் கே.பி.பி.சாமி 82,205 வாக்குகளும், அ.தி.மு.க.வின் பி.பால்ராஜ் 77,342 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 4,863. 2021இல் கே.பி.பி.சாமியின் சகோதரர் கே.பி.சங்கர் 88,185 வாக்குகள் பெற்றார். கே.குப்பன் 50,524, நாம் தமிழர் கட்சியின் சீமான் 48,597.

2021 முடிவை இன்னொரு முறை பாருங்கள். வென்றவர் பெற்றது பதிவான வாக்குகளில் சுமார் 44 சதவீதம். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வந்தவர்களின் வாக்குகளைக் கூட்டினால் 99,121 வருகிறது. வென்றவரின் வாக்குகளைவிட அதிகம். ஆனால் அவர்கள் தனித்தனியே நின்றார்கள். அந்த இரண்டு அணிகளின் வாக்காளர்களும் ஒன்றாக வாக்களித்திருப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த முறையில் வாக்குகள் எத்தனை பக்கம் பிரிகின்றன என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி 2016க்கு வருவோம். 2025இல் தொடங்கிய திருத்தப் பணியில் ஒரு வாக்குச்சாவடிக்கு அதிகபட்சம் 1,200 வாக்காளர்கள் என்று வரையறுத்திருக்கிறார்கள். அந்த அளவில் பார்த்தால் 4,863 என்பது ஏறத்தாழ நான்கு சாவடிகளின் பட்டியல். முழுத் தொகுதியின் ஐந்தாண்டு கால முடிவு நான்கு பள்ளிக்கூட அறைகளுக்குள் அடங்கிவிட்டது. இதைவிடக் குறைந்த வித்தியாசங்களும் தமிழ்நாட்டில் உண்டு. 2016இல் ராதாபுரத்தின் முடிவு 49 வாக்குகளில் அறிவிக்கப்பட்டது. 2021இல் சென்னையிலேயே தியாகராய நகரில் 137 வாக்குகளில் ஒருவர் வென்றார். ஒரு தெருவுக்குள் அடங்கும் எண்ணிக்கை அது.

அதேநேரம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் கூடாது. ஒவ்வொரு தேர்தலிலும் மேடைகளில் "முஸ்லிம்களின் வாக்குதான் வெற்றியைத் தீர்மானிக்கும்" என்று பேசுகிறோம். திருவொற்றியூரில் 2016இல் அப்படிச் சொல்வதற்கு இடம் இருந்தது. அன்று எந்தச் சிறு குழுவும் அந்த உரிமையைக் கோரியிருக்கலாம். 2011இலும் 2021இலும் வித்தியாசம் இருந்த அளவுக்கு, இத்தொகுதியில் நாம் மட்டும் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. உண்மையைவிடப் பெரிதாகப் பேசினால் வெற்றி பெற்றவரும் நம்ப மாட்டார், தோற்றவரும் மன்னிக்க மாட்டார்.

தனித்தொகுதி இருந்த காலம்

"நமக்கென்று தனியாக இடம் இருந்தால் நன்றாக இருக்குமே" என்ற ஏக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அது இருந்த காலமும் உண்டு.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937இல் தேர்தல் நடந்தபோது சென்னை மாகாணச் சட்டசபையில் 215 இடங்கள். அவற்றில் 28 இடங்கள் முஸ்லிம்களுக்கு. அந்த இடங்களில் முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். 1946க்குப் பிறகு கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் யாருக்கு வாக்கு இருந்தது? சொத்து, வரி, படிப்பு போன்ற தகுதி உள்ளவர்களுக்குத்தான். எண்ணூரில் படகு தள்ளியவருக்கோ, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கோ, அவர்கள் வீட்டுப் பெண்களுக்கோ அந்த 28 இடங்களால் ஒரு வாக்குச்சீட்டும் கிடைத்திருக்காது. நம் சமுதாயத்துக்கு இடம் இருந்தது. நம் ஏழைகளுக்கு வாக்கு இல்லை.

விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் இது குறித்து நடந்த விவாதம் நம் வீட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது. சென்னையிலிருந்து போன பி.போக்கர் சாஹிபும் இஸ்மாயில் சாஹிபும் தனி வாக்காளர் தொகுதி தொடர வேண்டும் என்று வாதாடினார்கள். உத்தரப் பிரதேசத்தின் பேகம் ஐஜாஸ் ரசூல் அதற்கு எதிராகப் பேசினார். பிரித்து வைக்கும் ஏற்பாடு சிறுபான்மையினருக்கே கேடு என்பது அவர் கருத்து. இரு தரப்பும் சமுதாயத்தின் நலனை நினைத்தே பேசினார்கள். 1949 மே மாதம் மத அடிப்படையிலான இட ஒதுக்கீடும் வேண்டாம் என்று சபை முடிவெடுத்தது. இன்று அரசியல் சாசனத்தின் 325ஆம் பிரிவு எல்லோருக்கும் ஒரே பொது வாக்காளர் பட்டியல் என்கிறது. மதம், இனம், சாதி, பால் காரணமாக மட்டும் யாரையும் அதிலிருந்து விலக்க முடியாது. 326ஆம் பிரிவு வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு என்கிறது. தனி இடம் போனது; அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆணுக்கும் பெண்ணுக்கும் கையில் ஒரு வாக்கு வந்தது.

ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர் என்பதும் தொடக்கத்திலிருந்து இருந்ததல்ல. 1952 தேர்தலில் சென்னை மாநிலத்தின் 309 தொகுதிகளில் 66 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அங்கே ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருப்பார். 1957இலும் 38 தொகுதிகள் அப்படி இருந்தன. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை நீக்கியது. இலங்கையிலும் 1978க்கு முன், கலந்து வாழும் மக்களுக்காகப் பல உறுப்பினர் தொகுதிகள் வைத்திருந்தார்கள். மூன்று உறுப்பினர்களைக் கொண்ட கொழும்பு மத்தியிலிருந்துதான் 1947இல் டி.பி.ஜாயா நாடாளுமன்றம் போனார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இன்றும் ஒவ்வொரு மாவட்டமும் கீழவைக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறது.

முறை எப்படி அமைகிறதோ அப்படித்தான் குரலும் கேட்கும் என்பதற்கு இவை உதாரணங்கள். விகிதாச்சார முறை வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அதில் நியாயம் உண்டு. ஆனால் வரப்போகும் தேர்தல் நடைமுறையில் உள்ள விதிப்படிதான் நடக்கும். அந்த விதிக்குள் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

"நம்ம ஆள்" என்றால் யார்?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். 234 இடங்களில் அந்த விகிதம் 13 அல்லது 14 வரும். ஆனால் நாம் மாநிலம் முழுக்கச் சிதறி வாழ்கிறோம். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில் சிதறி வாழ்பவர்களுக்கு விகிதம் கிடைப்பதில்லை.

2021இல் நடந்ததைக் கவனியுங்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் வாணியம்பாடி, கடையநல்லூர், சிதம்பரம் ஆகிய மூன்று இடங்களில் நின்றது. மூன்றிலும் தோற்றது. இவற்றில் வாணியம்பாடியும் கடையநல்லூரும் முஸ்லிம் வாக்குகள் கணிசமாக உள்ள தொகுதிகள். மனிதநேய மக்கள் கட்சி பாபநாசம், மணப்பாறை இரண்டிலும் நின்றது. இரண்டிலும் வென்றது. அந்த இரண்டு தொகுதிகளிலும் முஸ்லிம்கள் சிறுபான்மைதான். கூட்டணிக் கட்சியின் சின்னமும், பிற சமூக மக்களின் வாக்கும் சேர்ந்துதான் அவர்களைக் கரையேற்றின.

இதற்கு வேட்பாளர், எதிரணி, உள்ளூர்ப் பிரச்சினை என்று பல காரணங்கள் இருக்கும். ஆனாலும் ஒரு பாடம் தெளிவு. நம் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும் இடத்தில் வெற்றி உறுதியும் இல்லை. குறைவாக இருக்கும் இடத்தில் தோல்வி உறுதியும் இல்லை. அண்டை வீட்டாரின் வாக்கைப் பெற முடிகிறவர்தான் வெல்கிறார்.

எண்ணூரில் நம் அண்டை வீட்டார் யார்? மீனவர்கள், ஆலைத் தொழிலாளிகள், ஒப்பந்தக் கூலிகள், பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்தபோது படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் புகை எந்த வீட்டில் எந்தக் கிப்லா என்று பார்க்கவில்லை. எண்ணூரில் "நம்ம ஆள்" என்றால் அந்த இரவைச் சட்டமன்றத்தில் பேசுபவர். அவர் பெயர் எந்த மொழியில் இருந்தாலும் சரி.

ஒரு எம்.எல்.ஏ.வால் ஆலையை மூடவோ திறக்கவோ முடியாது. அனுமதி தருவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும், சுற்றுச்சூழல் அனுமதிக்கான ஒன்றிய, மாநில அமைப்புகளும். துறைமுகம் ஒன்றிய அரசின் கையில். ஆனால் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம். மனுக்கள் குழுவுக்கு விஷயத்தைக் கொண்டுபோகலாம். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தொகுதியின் சார்பில் எழுந்து நிற்கலாம். தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கருவி வாங்கித் தரலாம். இவற்றைச் செய்தாரா என்பதுதான் பிரதிநிதியை அளக்கும் கோல்.

இருக்கை காலியாக இருந்த 14 மாதங்கள்

பிரதிநிதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணூர் அனுபவித்தே அறிந்திருக்கிறது. ஆனால் அதை யாரும் பேசுவதில்லை.

கே.பி.பி.சாமி அவர்கள் 2020 பிப்ரவரி 27 அன்று காலமானார். சட்டமன்றத்தின் காலம் முடிய ஓராண்டுக்கு மேல் இருந்ததால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடந்திருக்க வேண்டும். கொரோனா வந்தது, இடைத்தேர்தல் நடக்கவில்லை. 2021 மே மாதம் வரை, அதாவது 14 மாதங்கள், திருவொற்றியூரின் இருக்கை காலி.

சரி, கவுன்சிலர் இருந்தாரா? அவரும் இல்லை. 2011இல் தேர்வான மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களின் நிர்வாகம்.

ஆக, நோய்த்தொற்று பரவி, வேலை முடங்கி, ரேஷனுக்கும் ஆக்சிஜனுக்கும் மக்கள் அலைந்த அந்தக் காலத்தில் எண்ணூருக்கு எம்.எல்.ஏ.வும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. ஆறு தொகுதிகளுக்குச் சேர்த்து ஒரு எம்.பி. மட்டும் இருந்தார். அன்று நம் ஜமாஅத்தும் மீனவர் பஞ்சாயத்தும் சேர்ந்து அரிசி கொடுத்தன, ஜனாஸாவும் தூக்கின. ஆனால் அரசு அலுவலகத்தில் போய் "என் தொகுதிக்கு ஏன் இல்லை?" என்று கேட்க, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நாவு இல்லை. "யார் வந்தால் என்ன?" என்று கேட்கும் இளைஞர்கள் அந்த 14 மாதங்களை நினைத்துப் பார்க்கட்டும்.

நாம் கேட்கும் விதம்

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். முதலில் என்னைப் பற்றி.

சில தேர்தல்களுக்கு முன் ஒரு வேட்பாளர் ஜமாஅத் நிர்வாகிகளைச் சந்திக்க வந்தார். வாக்குப்பதிவுக்கு நான்கைந்து நாட்கள் இருந்தன. நானும் அந்த அறையில் இருந்தேன். தேநீர் வந்தது. சால்வை போட்டோம். கப்ருஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கேட்டோம். தெருவிளக்கு கேட்டோம். அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். துஆ செய்யச் சொன்னார், செய்தேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. அன்று அந்தத் தெருவில் மூச்சுத்திணறலுக்கு மருந்து உறிஞ்சும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். மதரஸாவில் ஓதும்போதே இருமுகிறவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் நான் கேட்கவில்லை. சுவர் கேட்டேன், மூச்சைக் கேட்கவில்லை.

சுற்றுச்சுவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மையித்துக்குச் சுவர் வேண்டும்தான். உயிரோடு இருப்பவர்களுக்குக் காற்று வேண்டும் என்பதையும் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கோரிக்கையோடு மீனவர் பஞ்சாயத்தாரையும், சர்ச்சில் உள்ளவர்களையும், தொழிற்சங்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு போயிருந்தால், வந்த வேட்பாளர் கால் மணி நேரத்தில் எழுந்திருக்க முடியாது. நான்கு சாவடிகளை நாம் தனியாகக் காட்ட முடியாமல் போகலாம். எல்லோரும் சேர்ந்தால் நாற்பது சாவடிகளைக் காட்டலாம்.

இன்னொரு பழக்கமும் மாற வேண்டும். "ஜமாஅத் ஆதரவு இன்னாருக்கு" என்று கடைசி நேரத்தில் அறிவிப்பது. அமானத் என்பது ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியே கொடுக்கப்பட்டது. அதை நிர்வாகிகள் மொத்தமாக வாங்கி ஒருவரிடம் ஒப்படைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. மிம்பரும் அதற்கான இடம் அல்ல. வேட்பாளர்களின் செயல்பாட்டை மக்கள் முன் வைப்பது, கேள்வி கேட்க மேடை அமைப்பது, முடிவை அவரவர் மனசாட்சிக்கு விடுவது, இதுதான் ஜமாஅத்தின் வேலை.

இப்போது செய்ய வேண்டியது

மேலே சொன்ன எல்லாக் கணக்கும் ஒரே ஒரு காகிதத்தில் தொடங்குகிறது. அது வாக்காளர் பட்டியல். சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டின் வாக்காளர்களின் எண்ணிக்கை சுமார் 6.41 கோடியிலிருந்து 5.43 கோடியாகக் குறைந்தது. வரைவிலிருந்து நீங்கியவை 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள். சென்னையின் 16 தொகுதிகளில் மட்டும் 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கு மேல். இவர்களில் இறந்தவர்கள் உண்டு, இடம் மாறியவர்கள் உண்டு, இரட்டைப் பதிவுகள் உண்டு. அவை நீங்குவது சரியே. ஆனால் அலமாரியில் படிவம் தங்கிப்போன அம்மாக்களும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள்.

நம் வீடுகளில் விடுபடும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று பார்த்தால் பெண்களுக்குத்தான். 2002, 2005 பட்டியல்களோடு ஒப்பிடச் சொல்கிறார்கள். அன்று தந்தை பெயரோடு வேறு ஊரில் இருந்த பெண், இன்று கணவர் பெயரோடு எண்ணூரில் இருக்கிறார். ஒரு அட்டையில் பீவி, இன்னொன்றில் பேகம், மூன்றாவதில் இரண்டும் இல்லை. வாடகை வீடு மாறியவர்களுக்கும், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கும் இதே சிக்கல்.

எனவே, இந்த வாரமே செய்ய வேண்டியவை இவை. குடும்பத்தில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருடைய பெயரையும் வரைவுப் பட்டியலில் தேடிப் பாருங்கள். வீட்டுத் தலைவர் பெயர் இருந்தால் எல்லோர் பெயரும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6ஐ உறுதிமொழியோடு கொடுங்கள். 2026 ஜனவரி 1இல் 18 வயது நிறைந்த பிள்ளைகளுக்கும் படிவம் 6. முகவரி, எழுத்துப்பிழை, இடமாற்றம் என்றால் படிவம் 8. படிவம் 7 என்பது ஒரு பெயரை நீக்கக் கோருவது; உங்கள் பெயர் மீது யாரேனும் அப்படிக் கொடுத்திருந்து அழைப்பு வந்தால், பயந்து வீட்டில் இருக்காமல் ஆவணத்தோடு நேரில் போங்கள். எதைக் கொடுத்தாலும் ஒப்புகை வாங்குங்கள். வரைவு வெளியானபோது கோரிக்கைகளுக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாள் 2026 ஜனவரி 18. பள்ளிவாசல் அலுவலகத்தில் உதவிக்கு ஆள் இருக்கிறது. நம் தெருவில் உள்ள எல்லாச் சமூகத்தவரையும் அழைத்து வாருங்கள். பட்டியலில் இல்லாத மீனவச் சகோதரியின் பெயரும் நமக்கு நஷ்டமே.

வாக்கு என்பது மார்க்கத்தின் பார்வையில் என்ன என்று உலமாக்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். முஃப்தி முஹம்மது ஷஃபி (ரஹ்) அவர்கள் அதைச் சாட்சியம், பரிந்துரை, பொறுப்பை ஒப்படைத்தல் என மூன்று கோணத்தில் விளக்கினார்கள். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் குற்றத்துக்குள்ளாகிறது என்பது பகரா அத்தியாயம் தரும் எச்சரிக்கை. நமக்கோ நம் உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியின் பக்கம் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்பது நிஸா அத்தியாயம் இடும் கட்டளை. பணம் வாங்கிச் சொல்லும் சாட்சி எப்படிப்பட்டது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த மாணவருக்கு என் பதில் இதுதான். நீங்கள் நினைக்கும் "நம்ம ஆள்" ஜெயிக்காமல் போகலாம். ஆனால் பட்டியலில் இல்லாத ஒருவருக்கு எவருமே அவர் ஆள் அல்ல. வந்து கேட்பவரும் இல்லை, போய்க் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் இல்லை.

அலமாரியில் படிவம் தங்கிய அந்த அம்மாவுக்கு அன்றே படிவம் 6 நிரப்பினோம். கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லி, பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். திங்கட்கிழமை மகனோடு போய்க் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். இறுதிப் பட்டியல் 2026 பிப்ரவரிக்கு என்று அறிவிக்கப்பட்டது. அவர் பெயர் அதில் இருக்கும், இன்ஷா அல்லாஹ். உங்கள் வீட்டு அலமாரியையும் இன்று இரவு ஒருமுறை திறந்து பாருங்கள்.